சாட்டை விளைவு

காங்கேயம் என்றதும் காளை நினைவுக்கு வரும். காளையோடு வண்டியும் சாட்டையும் நினைவுக்கு வரும். சாட்டையை வீசுபவரின் கை சிறிதளவே அசைகிறது. ஆனால் அதன் நுனி ஒலியின் வேகத்தையும் விஞ்சிப் பாய்கிறது. ‘சுளீர்’ என்னும் ஓசை எழுவது அதனால்தான். வணிக உலகிலும் இத்தகைய சாட்டை ஒன்று உண்டு. அதனைச் ‘சாட்டை விளைவு’ என்பர். கணக்கின் துணைகொண்டு அதனை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

நாம் வாங்கும் ஒரு பனியன் கடைக்காரர், மொத்த வணிகர், ஆடை உற்பத்தியாளர், நூற்பாலை எனப் பல கைகளைக் கடந்து வருகிறது. சரக்கு மேலிருந்து கீழே வருகிறது. ஆர்டர் கீழிருந்து மேலே செல்கிறது. ஒவ்வொருவரும் தமக்கு அடுத்து நிற்பவரின் ஆர்டரை மட்டுமே காண்கிறார். கடையில் பனியனை விலைபேசும் மனிதரை நூற்பாலை காண்பதே இல்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். கடையில் வாரம் 100 பனியன்கள் விற்கின்றன. நால்வரும் இரண்டு வார விற்பனைக்குரிய சரக்கை, அதாவது 200 பனியன்களையோ அவற்றுக்கு ஈடான நூலையோ பஞ்சையோ, கையிருப்பில் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஆர்டர் செய்த சரக்கு அந்த வாரமே வந்து சேருகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு வாரம் விற்பனை 110 ஆக உயர்கிறது. கடைக்காரர் விற்ற 110ஐ நிரப்ப வேண்டும். கையிருப்பையும் 220 ஆக உயர்த்த வேண்டும். எனவே 130 கேட்கிறார். 130ஐக் கண்ட மொத்த வணிகர் கையிருப்பை 260 ஆக்க விரும்பி 190 கேட்கிறார். அதே முறைப்படி உற்பத்தியாளர் 370ம், நூற்பாலை 910ம் கேட்கின்றனர். உயர்வு 10, 30, 90, 270, 810 என ஒவ்வொரு படியிலும் மும்மடங்காகிறது. கடையில் பத்து விழுக்காடாக இருந்த உயர்வு, பஞ்சு வாங்குமிடத்தில் ஒன்பது மடங்கு ஆர்டராகி நிற்கிறது.

அடுத்த வாரமும் விற்பனை அதே 110 தான். கடைக்காரர் 110 மட்டும் கேட்கிறார். மொத்த வணிகரிடம் 260 இருக்கிறது. அவருக்குத் தேவை 220. எனவே அவர் 70 மட்டுமே கேட்கிறார். உற்பத்தியாளருக்கு இப்போது 140 இருந்தால் போதும். கையிலோ 380 இருக்கிறது. அவர் நூல் வாங்குவதையே நிறுத்திவிடுகிறார். வாடிக்கையாளர் ஒருவர்கூடக் குறையவில்லை. யாரும் தவறாகக் கணக்கிடவும் இல்லை. ஆயினும் ஆர்டர் நின்றுவிட்டது!

இதனை முதலில் முறைப்படி ஆராய்ந்தவர் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஜே ஃபாரஸ்டர். 1918இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்து, ஒரு மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர் அவர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டுச் சாதனத் தொழிற்சாலைகள் சில காலம் மூன்று, நான்கு ஷிப்டு ஓடுவதும், சில ஆண்டுகள் கழித்துப் பாதித் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்புவதும் ஏன் என்ற கேள்வி அவர்முன் வந்தது. குறை சந்தையில் இல்லை, ஆர்டர் செய்யும் முறைக்குள்ளேயே இருக்கிறது என்று கண்டார். 1961இல் அவர் எழுதிய நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. பிற்காலத்தில், குழந்தைகளின் டயப்பர் விற்பனை சீராக இருந்தும் ஆர்டர்கள் ஏறி இறங்குவதைக் கண்ட பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தார் இதற்குச் சாட்டையின் பெயரைச் சூட்டினர்.

1997இல் ஹாவ் லீ முதலான மூவர் இதற்கு நான்கு காரணங்களை வகுத்தனர். வரும் ஆர்டரைக் கொண்டே எதிர்காலத் தேவையை மதிப்பிடுவது ஒன்று. சிறுகச் சிறுக வாங்காமல் மொத்தமாக வாங்குவது இரண்டு. விலை ஏறி இறங்குவதால் தேவைக்கு மேல் வாங்கி வைப்பது மூன்று. தட்டுப்பாட்டின்போது, பாதியாவது கிடைக்கும் என்று இரட்டிப்பாகக் கேட்பது நான்கு.

இந்நான்கும் நம் அருகிலுள்ள திருப்பூருக்குப் புதியவை அல்ல. 2021இல் கப்பல்கள் துறைமுகங்களில் காத்துக் கிடந்தபோது, அமெரிக்கக் கடைகள் முன்கூட்டியும் கூடுதலாகவும் ஆர்டர் கொடுத்தன. இங்கே நூல் விலை ஏறியது. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயை எட்டியது. நூல் விலை உயர்வை எதிர்த்து மே 16, 17 ஆகிய இரு நாட்கள் திருப்பூரில் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த 17ஆம் தேதியன்றுதான், தன் சரக்கிருப்பு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டதாக வால்மார்ட் நிறுவனம் அறிவித்தது. மறுநாள் டார்கெட் நிறுவனம் தன் இருப்பு 43 விழுக்காடு கூடியதைத் தெரிவித்தது. ஜூனில் ஆர்டர்களை ரத்து செய்யப்போவதாகவும் அறிவித்தது. ஒரு முனையில் நூல் போதவில்லை என்ற கூக்குரல். மறுமுனையில் துணி விற்கவில்லை என்ற கவலை! அவ்வாண்டின் பிற்பகுதியில் திருப்பூரின் ஏற்றுமதி ஆர்டர்கள் குறைந்தன. போரும் பணவீக்கமும் பஞ்சு விளைச்சலும் இதற்குக் காரணங்களே. எனினும் சாட்டையின் பங்கையும் மறுப்பதற்கில்லை.

நம் வட்டாரத்திலிருந்து நாள்தோறும் கம்பெனி வேன்களில் திருப்பூர் செல்வோர் பலர். எங்கள் வீட்டு வாரச் செலவும் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது. ஆர்டர் மிகுந்தால் ஒன்றரை ஷிப்டு, இரண்டு ஷிப்டு; குறைந்தால் ‘திங்கட்கிழமை வந்தால் போதும்’ என்ற ஒரு வார்த்தை. முதலாளியிடம் கிடங்கில் சரக்காவது மிஞ்சும். ஷிப்டுக் கணக்கில் கூலி பெறுபவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. சாட்டையின் நுனி வந்து விழும் இடம் அதுவே.

இதற்கு மருந்து உண்டா? மேற்கண்ட கணக்கிலேயே அது இருக்கிறது. இரண்டு வார இருப்புக்குப் பதில் ஒரு வார இருப்பு போதுமென்றால், உயர்வு ஒவ்வொரு படியிலும் இரு மடங்காக மட்டுமே பெருகும். நூற்பாலையில் 810 என்பது 160 ஆகச் சுருங்கும். கடையில் உண்மையாக விற்ற எண்ணிக்கையை நால்வரும் அறிந்தால், நூற்பாலைகூட 190க்கு மேல் கேட்கத் தேவையே இராது. ஆனால் அந்த எண்ணிக்கை பெரிய கடைகளின் கையில் உள்ளது. ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைக்காரர் அதனைக் கேட்டுப் பெறும் நிலையில் இல்லை. எனவே இது கணக்கால் மட்டும் தீர்வதன்று. விவரத்தைப் பகிரும் மனமும் வேண்டும்.

இவ்விளைவை விளக்க ஃபாரஸ்டரின் கழகத்தார் நால்வர் ஆடும் விளையாட்டு ஒன்றையே வகுத்துள்ளனர். சில துண்டுச் சீட்டுகள் இருந்தால் நம் வகுப்பறையிலும் அதனை ஆடலாம். நம்முள் பலர் நாளை இத்தொழில்களில் கணக்கராகவும் மேலாளராகவும் அமரப்போகிறவர்கள். நாம் எழுதும் ஓர் ஆர்டரின் மறுமுனையில் எத்தனை பேருடைய ஷிப்டு இருக்கிறது என்பதை அறிந்து எழுதுவது நம் கடமை.