மலை ஏறிய மோட்டார் சைக்கிளும் ஓம் விதியும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மோட்டார் சைக்கிளில் செல்பவர், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் வெயிலைவிட்டு மேகத்துக்குள் புகுந்துவிடுகிறார். பெருமாள்மலைப் பக்கம் மூடுபனி இறங்கினால் பகலிலேயே முன்விளக்கு வேண்டும். அந்த விளக்கு மங்கலாக எரிந்தால் என்ன செய்வது? "பாட்டரி போய்விட்டது" என்பார் ஒருவர். "பல்பை மாற்று" என்பார் இன்னொருவர். இரண்டையும் மாற்றிப் பணத்தைச் செலவழித்த பிறகும் விளக்கு பழையபடியே மங்கி எரிவதுண்டு. பழுது பொருளில் இல்லை, இணைப்பில் இருக்கிறது என்பதே காரணம். அதைக் கண்டுபிடிக்கப் பள்ளியில் நீங்கள் படித்த ஓம் விதியே போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 12 வோல்ட், 35 வாட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எரியும்போது அதன் இழையின் மின்தடை, 144-ஐ 35-ஆல் வகுக்க, சுமார் 4.1 ஓம். வயர் இணைப்பு ஒன்றில் துரு ஏறி அரை ஓம் தடை சேர்ந்துவிட்டதாகக் கொள்ளுங்கள். மொத்தத் தடை 4.6 ஓம், மின்னோட்டம் 2.6 ஆம்பியர். அந்த அரை ஓம் இணைப்பிலேயே 1.3 வோல்ட் வீணாகிவிடுகிறது! பல்புக்குக் கிடைப்பது 10.7 வோல்ட்தான். ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்கிறீர்களா? இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். இங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். (எல்.இ.டி. விளக்குக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.)

இனி, திருடனைப் பிடிக்கும் வழி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். பலரும் அதை ஓம் அளவையில் வைத்து வயரைச் சோதித்து, "தடையே இல்லை" என்று சொல்லி ஏமாந்து போகிறார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். பத்து இழைகளில் ஒன்பது அறுந்த வயர்கூட அதற்கு நல்ல வயராகவே தோன்றும். எனவே விளக்கை எரியவிட்டு, வோல்ட் அளவையில் சோதிக்க வேண்டும். ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மறு முனையைப் பல்புக்கு மின்சாரம் வரும் இடத்திலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் வீணாகும் வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் மறு முனையை ஒவ்வோர் இணைப்பாகப் பாட்டரியை நோக்கி நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் பழுது.

அடுத்து, பாட்டரியின் எதிர்முனைக்கும் பல்பின் எர்த்துக்கும் இடையே அதே சோதனை. மோட்டார் சைக்கிளில் வண்டியின் இரும்புச் சட்டமே மின்னோட்டம் திரும்பும் பாதை அல்லவா? ஆகவே எர்த் வயரை முடுக்கியிருக்கும் இடத்தில் பெயிண்டோ துருவோ இருந்தால் போதும், விளக்கு மங்கிவிடும். என்னைக் கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சில சிறிய வண்டிகளில் முன்விளக்கு பாட்டரியைத் தொடாமல் நேரே ஆல்டர்னேட்டரிலிருந்து மாறுதிசை மின்னோட்டம் பெறும். அங்கே பிரேக் விளக்கில் இதைச் செய்து பழகலாம்.

மலையில் இந்தத் தொல்லை மிகுதி. இரவில் வண்டி குளிர்ந்ததும் ஈரக் காற்றிலுள்ள நீராவி கப்ளர்களுக்குள் பனித்துளியாகப் படிகிறது. செம்புக் குடத்தில் ஏறுவது போலவே செம்பு முனைகளிலும் பச்சைக் களிம்பு ஏறும். குடத்தைப் புளி போட்டு விளக்குவது போல இதை விளக்கிவிடாதீர்கள். தங்கும் அமிலம் மேலும் அரிக்கும். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து, இறுக்கிப் பொருத்தி, மேலே சிறிது வாசலைன் தடவினால் போதும். செலவு மிகச் சொற்பம். ஆனால் ஃபியூஸில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்தால், மின்கசிவு நேரும்போது உருகுவது ஃபியூஸாக இராது, வயராக இருக்கும். அதுவும் பெட்ரோல் டாங்குக்கு அடியில்!

மின்பழுது போலவே தோன்றும் வேறொன்றும் உண்டு. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. கார்பொரேட்டர் வண்டியில் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. மிஞ்சும் பெட்ரோல் சரியாக எரியாமல் ஸ்பார்க் பிளக்கின் வெண்பீங்கானில் கரியாகப் படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் அன்றோ? தீப்பொறி தாண்ட வேண்டிய மின்சாரம் கரி வழியே கசிந்துவிட, என்ஜின் திக்குகிறது. உடனே இக்னிஷன் காயிலை மாற்றிவிடுகிறார்கள். என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மையாகக் கறுத்திருந்தால் பிரஷால் துடைத்து மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். என்ஜின் ஓடும்போது அந்த வயரைத் தொடக் கூடாது. அதில் பாய்வது பல்லாயிரம் வோல்ட்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை காற்றை அளந்து, அதற்கேற்பத் தாமே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கின்றன. பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்களிலேயே ஓடும் பழைய வண்டிகளுக்கு, சற்றுச் சிறிய துளையுள்ள மெயின் ஜெட்டைப் பொருத்திவிட்டால் பிளக் அவ்வளவு விரைவில் கறுக்காது.