குளக்கரையில் பழகும் கால்கள்



வீரகேரளம்புதூர் பக்கம் சிற்றாற்றுத் தண்ணீர் பாயும் குளங்களின் கரைகளில் ஆனி, ஆடி மாதத்து விடியற்காலையில் வேகமாக நடந்து பழகுகிறவர்களைக் காணலாம். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் அவர்களில் உண்டு. இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். இந்த யாத்திரையைக் குறித்து நம் சபைகளுக்குள் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருவது கொப்புளம்தான். அதற்குச் சபைப் பிரிவு கிடையாது.

பல வருஷங்களாகச் சர்க்கரை வியாதியுள்ள விவசாயி ஒருவர், ஒருநாள்கூடப் பழகாமல் புது கேன்வாஸ் ஷூவோடு புறப்பட்டார். மூன்றாம் நாள் ஷூவுக்குள் சிறு கல் ஒன்று கிடந்திருக்கிறது. நாள் முழுவதும் அதன்மேல் நடந்திருக்கிறார். இரவில் ஷூவைக் கழற்றியபோதுதான் இரத்தத்தைப் பார்த்தார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "வலிக்கவே இல்லையே ஐயா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வலிக்காததுதான் வியாதி. இதை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946-ல் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு மருத்துவராக வந்தவர். குஷ்டரோகிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்வு போனதால் காயப்பட்டே அழிகின்றன என்று அவர் காட்டினார். பிற்காலத்தில் அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு பெரிய அடி மட்டுமல்ல, அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் சிறு அழுத்தமும் தசையைப் புண்ணாக்கும். புண் திறக்குமுன் அந்த இடம் சிவந்து சூடாகும். உணர்வுள்ள கால் அப்போதே நொண்டி நடந்து தன்னைக் காத்துக்கொள்ளும். உணர்வற்ற கால் அதே நடையில் போய்க்கொண்டிருக்கும். சர்க்கரை வியாதியில் மரத்துப்போன காலுக்கும் இதுவே பொருந்தும்.

குளக்கரைப் பயிற்சியின் பயன் இதில்தான். மூச்சையும் தசையையும் பழக்குவது பாதிப் பயன். மறுபாதி, எந்தச் செருப்பு எங்கே கடிக்கிறது என்பதை வீட்டுக்குப் பக்கத்திலேயே கண்டுபிடிப்பது. முதல் நாள் கால்மணி நேரம் போதும். திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இருபது நிமிஷம் கழித்தும் ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் அந்தச் செருப்பு ஆகாது. சரியாக இருந்தால் சில நாளுக்கொருமுறை கொஞ்சம் கூட்டலாம். ஆணிக்காலை பிளேடால் சீவ வேண்டாம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்கட்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. குற்றாலச் சாரல் காலத்தில் கரை மண் குளிர்ந்து மெத்தென்றிருக்கும். பத்து மைல் நடந்தாலும் களைப்புத் தெரியாது. மதுரையைத் தாண்டிக் கிழக்கே போனால் கொதிக்கும் தார் ரோடு. ஆகவே கடைசி இரண்டு வாரமாவது ரோட்டிலும் நடந்து பாருங்கள். சாரலில் நனைந்த காலின் விரலிடுக்கைத் துடையுங்கள்; ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். வெறுங்காலோடு நடப்பதாகப் பொருத்தனை செய்தவர்களிடம் நாங்கள் மன்றாடித்தான் பேசுகிறோம். கால் மரத்தவருக்குத் தார் ரோடு சுடுவதும் தெரியாது, சீமைக்கருவேல முள் ஏறுவதும் தெரியாது.

ஓரேபுக்கு நாற்பது நாள் நடந்த எலியாவை நினைத்துக்கொள்கிறோம். பிரயாணம் அவனுக்கு மிஞ்சியது என்று அறிந்த தூதன், அவனை உடனே நடக்கச் சொல்லவில்லை. இரண்டு தரம் எழுப்பிச் சாப்பிடவைத்து, இடையில் தூங்கவும் விட்டான்.

விரலிழந்த அந்த விவசாயி இந்த வருஷமும் போக விரும்புகிறார். முழுத்தூரமும் நடக்க நாங்கள் சம்மதிக்கவில்லை. காலை வேளை மட்டும் நடந்து, வெயில் ஏறியதும் பஸ்ஸில் போக ஒத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் காணிக்கையால் அவர் காலுக்கு அளவெடுத்து, மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பு செய்துகொடுத்தோம். இப்போது தினமும் குளக்கரையில் நடந்துவிட்டு, மதகுச் சுவரில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.