வளர்ப்பு எலிக்குக் கருத்தடை செய்யலாமா?

ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் என்றால் யோசிக்கவே வேண்டாம். 5, 6 வாரத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் 21 முதல் 23 நாள். குட்டி போட்ட ஒரு நாளுக்குள் மறுபடி சினை பிடிக்கும். ஆணுக்குச் செய்வது எளிது. செய்த பிறகும் 3, 4 வாரம் தனியே வையுங்கள், விந்து மிச்சமிருக்கும்.

பெண் எலிக்குக் காரணமே வேறு. வயதானால் மார்பில் கட்டி வருவது சர்வசாதாரணம். இளவயதிலேயே சினைப்பையை எடுத்துவிட்டால் அந்த அபாயம் வெகுவாகக் குறையும். ஆனால் அது வயிற்றைத் திறக்கும் அறுவை. 2, 3 ஆண்டே வாழும் பிராணி. ஒன்றரை வயது தாண்டியிருந்தால் நான் விட்டுவிடுவேன்.

எலிக்கு வாந்தி வராது. அதனால் அறுவைக்கு முன் நாய், பூனைபோல் இரவெல்லாம் பட்டினி போட வேண்டாம். எலிக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரா என்று கேட்டுவிட்டே தேதி வாங்குங்கள்.