பொம்மையை நடக்க வைக்கும் பலகை

நவராத்திரிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் இப்போதே பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கத் தொடங்கியிருப்பார்கள். படியில் எந்தப் பொம்மையை எங்கே வைப்பது என்பது வீட்டுப் பெண்மணிகளின் இலாகா. அதில் நான் தலையிடுவதில்லை. படிக்குப் பக்கத்தில் கட்டும் ‘பார்க்’ பற்றி மட்டும் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில். அங்கே பார்க் என்றால் வராந்தா தரையில் கொட்டிய மணல்தான். கடுகும் வெந்தயமும் தூவினால் நாலைந்து நாளில் வயல் முளைத்துவிடும். பழைய கண்ணாடித் துண்டு குளமாகும். 2009-இல் பெங்களூரில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது மணலும் இல்லை, வராந்தாவும் இல்லை. பளபளக்கும் டைல்ஸ் தரையில் ஈரமண்ணைக் கொட்ட யார் சம்மதிப்பார்கள்? அதனால் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் 12 மி.மீ. பிளைவுட் பலகை வாங்கி அதன்மேல் ஒரே ஒரு காட்சி அமைத்தேன். பண்டிகை முடிந்தால் பலகையோடு பரணில் ஏற்றிவிடலாம்.

முதல் வருடமே ஒரு தவறு செய்தேன். என் அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பண்ருட்டி மண்பொம்மை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. இடுப்பில் குடம் ஏந்திய பெண், ஒன்பது அங்குல உயரம். அவள் குளக்கரையிலிருந்து மேடேறி வருவதாக இருக்கட்டும் என்று தெர்மோகோலைச் சரிவாக வெட்டி, அந்தச் சரிவிலேயே பசை தடவி அவளை நிறுத்தினேன். சரஸ்வதி பூஜையன்று வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். வலது பாதமும் பீடத்தின் ஒரு பக்கமும் போய்விட்டன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தாள்.

முப்பத்தெட்டு வருடம் தண்டவாளத்தோடு குப்பை கொட்டியவன் நான். சரிவைப் பற்றி எனக்குத் தெரியாதா? அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உயரம் ஒன்பது அங்குலம் என்றால் எடையின் மையம் ஏறக்குறைய நாலரை அங்குலத்தில் இருக்கும். பீடத்தின் அகலம் மூன்று. நடுவிலிருந்து விளிம்புக்கு ஒன்றரை. மையத்திலிருந்து தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டால் அது பீடத்துக்குள் விழுகிறவரை பொம்மை நிற்கும். மூன்றுக்கு ஒன்று சரிவு வந்ததும் நூல் விளிம்பைத் தொடுகிறது. அதைத் தாண்டினால் விழ வேண்டியதுதான். நான் வைத்த சரிவு அதைவிட அதிகம். வெறும் பசையை நம்பியிருக்கிறேன்.

இன்னொரு தவறும் அப்போதுதான் புரிந்தது. பொம்மை விழாமல் இருந்திருந்தாலும் அந்தக் காட்சி பொய்யாகத்தான் இருந்திருக்கும். மேட்டில் ஏறுகிற மனிதன் சரிவுக்குச் செங்குத்தாக நிற்பதில்லை. தூக்குக்குண்டு நூலோடு நிமிர்ந்து நிற்கிறான், ஏறும்போது கொஞ்சம் முன்னால் வளைகிறான். தென்னையும் வீட்டுச் சுவரும் அப்படித்தான். சரிய வேண்டியது நிலம் மட்டுமே. ஆகவே சரிவை வெட்டிய பிறகு, பொம்மை நிற்குமிடத்தில் மட்டும் சமதளமாக ஓர் இருக்கை செதுக்குங்கள். பீடத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து, கால் அங்குல ஆழத்துக்குக் குழித்து, அதில் பொம்மையை இறக்குங்கள். விளிம்பை மண் தூவி மறைத்துவிடலாம். பரம்பரைப் பொம்மைக்குப் பசையே வேண்டாம். விஜயதசமிக்கு மறுநாள் அப்படியே தூக்கி எடுக்கலாம்.

நிலத்தின் சரிவு எவ்வளவு? சக்லேஷ்பூர் - சுப்ரமண்யா ரோடு மலைப்பாதையில் ஐம்பதடிக்கு ஓரடி ஏற்றம். ரயிலுக்கு அதுவே பெரும்பாடு. ஆனால் அதே கணக்கை இரண்டடிப் பலகையில் போட்டால் அரை அங்குலம்கூட உயராது. பார்ப்பவர் கண்ணுக்குச் சமதரைதான். ஆறுக்கு ஒன்று வைத்தால் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாலு அங்குலம் ஏறும். எனக்கு அது போதுமானதாகத் தோன்றுகிறது.

பாதையைப் பலகையின் விளிம்புக்கு இணையாகப் போடாதீர்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வளைந்து போகட்டும். மாட்டுவண்டியை நட்டநடுவில் வைத்தால் அது நின்ற வண்டி. பாதையில் மூன்றில் ஒரு பங்கு அதன் பின்னால், இரண்டு பங்கு முன்னால் என்று விடுங்கள். போவதற்கு இடம் இருந்தால்தான் அது போகும். சக்கரத் தடத்தை வண்டிக்குப் பின்னால் மட்டும் கீறுங்கள். முன்னால் மண் கலையாமல் இருக்கட்டும். என் பேரன் இதைப் பார்த்துவிட்டு, “தாத்தா, வண்டி எங்கேயிருந்து வருது?” என்று கேட்டான். அதற்கு முந்தைய வருடங்களில் அவன் அப்படிக் கேட்டதில்லை. காற்றும் ஒரே பக்கமாக அடிக்க வேண்டும்: புல், தென்னை ஓலை, கொடியில் காயும் துணி எல்லாம் ஒரே திசையில் சாயட்டும்.

மோட்டார் வைத்துச் சுற்றவிடுபவர்கள் உண்டு. நானும் ஒரு வருடம் ராட்டினம் சுற்றவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் “மோட்டார் எங்கே கிடைத்தது?” என்று கேட்டார்களே தவிர, பொம்மையை யாரும் பார்க்கவில்லை.

மலை விஷயத்தில் ஒரு வேண்டுகோள். காகிதத்தைக் கசக்கி, உச்சியில் வெள்ளை அடித்து இமயமலை செய்யாதீர்கள். லால்பாக் பாறையில் ஒரு மாலை ஏறிப் பாருங்கள். ஏறக்குறைய 300 கோடி வருடத்துப் பாறை அது. கூரான முனையே கிடையாது, யானை முதுகு மாதிரி உருண்டிருக்கும். மைசூர் ரயிலில் போனால் ராமநகரப் பக்கம் ஜன்னலிலிருந்தே நம் மலைகளின் வடிவம் தெரியும்: மொட்டைப் பாறை, மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள், அடிவாரத்தில் மட்டும் பச்சை. தெர்மோகோலின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, மேலே இரண்டு மூன்று அடுக்கு செய்தித்தாளைப் பசையில் தோய்த்து ஒட்டினால் அந்த வழவழப்பு வரும். ஸ்ப்ரே பெயிண்ட்டை நேராக அடிக்காதீர்கள், தெர்மோகோல் கரைந்து குழி விழும். தண்ணீரில் கரைக்கும் பெயிண்ட்டே நல்லது.

மண்ணுக்குச் சலித்த செங்கல் தூள். ஈரமண் வேண்டுமானால் டிகாஷன் இறக்கிய காபிச்சக்கை; நன்றாக வெயிலில் காயவையுங்கள், இல்லையென்றால் பரணில் பூசணம் பிடிக்கும். புல்லுக்குப் பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள், வைக்கோல் போருக்குத் தேங்காய் நார். எல்லாவற்றையும் ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தடவிய பின் தூவ வேண்டும்.

சன்னபட்டணத்து மரப்பொம்மைகளுக்குக் காலே இல்லை, உருளையாகக் கடைந்தவை. அவற்றை வரிசையாக நிறுத்தினால் பள்ளிக்கூடப் பிரேயர் போல இருக்கும். பாதை வளைவில் இடைவெளி மாற்றி, இரண்டிரண்டு பேராக நிறுத்திப் பாருங்கள், சந்தைக்குப் போகிற கூட்டமாகிவிடும்.

குடத்துப் பெண்ணுக்கு அடுத்த வருடம் புதுப் பலகை செய்தேன். அவளை ஐந்தடிப் பெண் என்று வைத்துக்கொண்டால் ஓரடிக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம் வரும். அந்த அளவில் முக்கால் அடி உயரமுள்ள படித்துறைப் படி ஒன்றேகால் அங்குலம். நாலு படி கட்டினேன். உடைந்த வலது பாதம் கீழ்ப்படியில், தண்ணீருக்குள் இருப்பதாக வைத்து, அதைச் சுற்றிக் கண்ணாடித் தாளை வெட்டிப் பதித்தேன். ஏறிவந்த மேல்படிகளில் ஈரம் இருக்கக் கூடாது, கீழ்ப்படியில் மட்டும் வார்னிஷ் தடவி நனைந்ததுபோல் காட்டினேன். பாதம் இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “தண்ணி மொண்டுண்டு ஏறறாளா, இல்லே இனிமேத்தான் மொள்ளணுமா?” என்றாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை. குடத்தின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன், வெறும் மண். மிச்சமிருந்த கண்ணாடித் தாளில் எட்டணா அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, கழுத்துக்குச் சற்றுக் கீழே பொருத்தினேன். கூடத்து விளக்கைப் போட்டதும் அது மினுங்கியது.