நன்மை செய்யும் கைகளையும் சோதிப்போம்

வேத பாடம்: லூக்கா 18:9-14, சங்கீதம் 139:23, 24



ஜெபிக்கும்படி ஆலயத்துக்குப் போன இருவரைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். அதில் பரிசேயன் சொன்னது பொய் என்று எழுதப்படவில்லை. அவன் உபவாசித்தான், தசமபாகமும் கொடுத்தான். இரண்டும் நல்ல காரியங்களே. ஆனாலும் நீதிமானாக வீடு திரும்பியவன் ஆயக்காரன். பரிசேயன் தன் நற்கிரியைகளை எண்ணினான். தன் இருதயத்தைப் பார்க்கவில்லை. செய்த நன்மையே அவன் கண்களுக்குத் திரையாயிற்று.

இதை விளக்கும் ஒரு சம்பவம் மருத்துவ வரலாற்றில் உண்டு. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பணிசெய்த பகுதியில், மருத்துவச்சிகள் பணிசெய்த பகுதியைவிட மிகுதியான தாய்மார் பிரசவக் காய்ச்சலால் மாண்டனர். கெட்ட காற்றே காரணம் என்றனர் பலர். மரிப்பவர்களிடம் வரும் குருவானவரின் மணியோசை தாய்மாரைப் பயமுறுத்துகிறதோ என்றுகூட ஆராயப்பட்டது.

1847-ல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் உண்மையைக் கண்டார். பிரேதப் பரிசோதனை செய்த கைகளோடு மருத்துவர்கள் நேரே பிரசவ அறைக்கு வந்தார்கள். மரணம் அந்தக் கைகளிலேயே வந்தது. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் எல்லாரும் கை கழுவ வேண்டும் என்று அவர் ஒழுங்கு செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம், ஜூனில் ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது. இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடங்கள் மூன்று.

1. நல்ல நோக்கம் மாத்திரம் கைகளைச் சுத்தமாக்காது. அந்த மருத்துவர்கள் உயிர்காக்கவே வந்தார்கள். மருத்துவமனையில் பணிசெய்கிற நாங்களும், காணிக்கையால் தாங்குகிற நீங்களும் நன்மை செய்யவே விரும்புகிறோம். ஆனால் வரிசையில் நிற்கும் ஏழையை நம் கடுஞ்சொல் புண்படுத்தலாம். மருத்துவமனைக்கு அனுப்பும் காசோலையைத் தவறாமல் எழுதுகிற கை, வீட்டில் வேலைசெய்பவரின் கூலியைத் தாமதிக்கலாம். கொடுத்ததற்கு நன்றியும் பெயர்ப்பலகையும் எதிர்பார்க்கலாம். பாவங்களை ஆராய்கிற நாம் நம் ஊழியத்தையும் ஆராய வேண்டும்.

2. உண்மையான அறிக்கை செயலில் முடியும். தம் கைகளும் தாய்மாரின் மரணத்துக்குக் காரணமாயின என்று செம்மல்வைஸ் 1861-ல் வெளியிட்ட நூலில் ஒளிக்காமல் எழுதினார். ஆனால் அதற்கு வெகுமுன்பே கை கழுவும் பாத்திரத்தை வைத்துவிட்டார். தாழ்மை என்பது நம்மை நாமே வெறுப்பதல்ல. காட்டப்பட்ட குறையை ஏற்று, அதைச் சரிசெய்யப் புறப்படுவது.

3. கண்ட உண்மை பிறர்மேல் எறியும் கல்லாகக் கூடாது. மருத்துவர்கள் பலர் செம்மல்வைஸின் போதனையை ஏற்கவில்லை. குணமாக்கும் தங்கள் கைகள் கொல்லும் என்பதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவரோ மனம் கசந்து, அவர்களைக் கொலைகாரர் என்று பகிரங்கக் கடிதங்களில் சாடினார். 1865-ல் மனநோயாளர் விடுதியில் அவர் மரித்தார். சோதனையை முதலாவது நமக்கே நடத்துவோம். பிறரைத் திருத்தும்போது சாந்தமாய்ப் பேசுவோம்.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின மாலையில் அரைமணி நேரம் தனித்திருந்து, இக்கேள்விகளைத் தேவசமுகத்தில் கேட்போமாக:

அ. என் நற்செயல் எந்தக் குறையை எனக்கு மறைக்கிறது?
ஆ. என் வீட்டாரும் எனக்குக் கீழே வேலைசெய்பவர்களும் என்னைப் பற்றி உண்மை சொல்லத் தைரியம் கொள்வார்களா?
இ. இந்த வாரத்தில் யாரிடம் போய் நான் ஒப்புரவாக வேண்டும்?

ஜெபம்: ஆண்டவரே, உமக்கென்று நீட்டும் எங்கள் கைகளையும் சோதித்துப் பாரும். நாங்கள் காணாத அழுக்கைக் காட்டியருளும். காட்டியதைக் கழுவிக்கொள்ளும் தாழ்மையைத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.