இலையும் எழுத்தும் ஒரே வெயிலில்



முதலாமாண்டு என்ஜினீயரிங் டிராயிங் வகுப்பை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கோடு போடுவதற்கு முன்பே எழுத்துப் பயிற்சி. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் பக்கம் பக்கமாக எழுத்துகள். “ஆட்டோகேட் வந்தப்புறம் இதெல்லாம் எதுக்கு சார்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். அந்த ஒருவன் நான்தான்! சார் சிரித்தார், பதில் சொல்லவில்லை. பதில் எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடைத்தது.

பெயர் இல்லாத போட்டோக்கள்

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கொல்லையில் இருந்த செடிகள் எல்லாம் அப்பாயி வைத்தவை. முடக்கத்தான், தூதுவளை, ஆடாதொடை, நொச்சி, பவழமல்லி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றுவார். நான் செல்போனில் நூறு படத்துக்கு மேல் எடுத்து வைத்தேன். போன தை மாதம் அப்பாயி காலமானார். பிறகு படங்களைப் பார்த்தால், வேலியில் படரும் ஒரு கொடிக்குப் பெயர் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. “சளிக்கு அரைச்சுக் குடுப்பாங்களே, அதுதான்” என்றார். அவ்வளவுதான்! படம் இருக்கிறது, கொடியும் இருக்கிறது, பெயர் மட்டும் போய்விட்டது.

அன்றுதான் புரிந்தது, செடியின் படம் பாதிதான். பெயரும் அதே தாளில் இருந்தால்தான் முழுமை.

நம்ம ஊர் முன்னோடிகள்

இதை முன்பே உணர்ந்தவர்கள் நம் ஊரில் இருந்திருக்கிறார்கள். டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடிக்கு 1768-ல் மருத்துவராக வந்தவர் யோஹான் கெர்ஹார்டு கோனிக். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர். நாம் தினமும் தாளிக்கும் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் இவர் பெயர் இருக்கிறது: முர்ராயா கோனிகி, பெர்கெரா கோனிகி என்றும் சொல்வார்கள். 1776-ல் வந்த ராட்லர் பாதிரியார் செடிகளைச் சேகரித்தார். தமிழ்ச் சொற்களையும் சேகரித்தார். அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி 1834-ல் வெளிவரத் தொடங்கியது. அவர் உலர்த்திய செடிகள் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தில் உள்ளன. செடியைத் தாளில் ஒட்டுவது, அதிலேயே பெயரைக் கையால் எழுதுவது, இதுதான் அந்தக் காலத்து முறை.

கேமரா இல்லாத போட்டோ

1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இரும்பு உப்புகளைத் தாளில் பூசி வெயிலில் வைத்தால் நீலப் படம் கிடைப்பதைக் கண்டுபிடித்தார். அதற்கு சயனோடைப் என்று பெயர். அடுத்த ஆண்டே, அதாவது 1843-ல், அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை அந்தத் தாளில் வைத்துப் படமாக்கி ஒரு நூலை வெளியிடத் தொடங்கினார். போட்டோக்களைக் கொண்ட முதல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். அதன் விசேஷம் என்ன தெரியுமா? ஒவ்வொரு பாசியின் பெயரும் அவர் கையெழுத்திலேயே, அதே வெயிலில், நீலத்தில் வெள்ளையாகப் பதிந்திருக்கிறது!

இந்த நீலத்தாள் நமக்கு அந்நியமானது அல்ல. பொறியாளர்கள் பல்லாண்டு பயன்படுத்திய ‘புளூபிரிண்ட்’ இதேதான். டிரேசிங் பேப்பரில் வரைந்து, கையால் எழுதி, வெயிலில் நகல் எடுத்தார்கள். பின்னால் அம்மோனியா பிரிண்ட் வந்தது, இப்போது பிளாட்டர். தாள் போய்விட்டது, எழுத்துப் பயிற்சி மட்டும் சிலபஸில் தங்கிவிட்டது.

செய்முறை

1. 100 மி.லி. தண்ணீரில் 25 கிராம் பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் கரைத்து ஒரு பாட்டிலில் வையுங்கள். இன்னொரு பாட்டிலில் 100 மி.லி. தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் பெர்ரிசயனைடு. இரண்டும் வெளிச்சம் படாத பாட்டில்களாக இருக்கட்டும். வேலை செய்யும் அன்று மட்டும் சம அளவு கலக்க வேண்டும்.

2. மங்கலான பல்பு வெளிச்சத்தில் கெட்டியான டிராயிங் ஷீட்டில் பிரஷ்ஷால் ஒரே சீராகப் பூசி, இருட்டில் காயவிடுங்கள்.

3. இலையை இரண்டு நாள் பழைய பேப்பருக்குள் வைத்து அழுத்துங்கள். ஷீட் மேல் இலை, அதன் மேல் பெயர் எழுதிய டிரேசிங் பேப்பர், அதன் மேல் கண்ணாடி. டிராயிங் போர்டோடு கிளிப் போட்டுவிடுங்கள்.

4. உச்சி வெயிலில் வையுங்கள். 10 நிமிடத்தில் தொடங்கி, சிறு துண்டுகளில் சோதித்து நேரத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். பச்சை கலந்த மஞ்சள் நிறம் நீலமாகி, பிறகு சாம்பல் நிறத்துக்கு வரும்போது எடுத்துவிடலாம்.

5. மஞ்சள் போகும்வரை தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள்.

என்ன நடக்கிறது? வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பெர்ரிக் இரும்பை பெர்ரஸாக மாற்றுகிறது. அது பெர்ரிசயனைடுடன் சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலமாகிறது. இலையும் மையும் மறைத்த இடத்தில் மாற்றம் இல்லை. அங்கே மருந்து கழுவிக்கொண்டு போய் வெள்ளை மிஞ்சுகிறது.

எச்சரிக்கை: கையுறை அவசியம். சமையல் பாத்திரம் கூடாது. பெர்ரிசயனைடு பக்கத்தில் ஆசிட் எதையும் கொண்டுபோகாதீர்கள். கடும் ஆசிட் பட்டால் விஷவாயு வரும். கெமிஸ்ட்ரி சாரை வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

தமிழ் எழுத்தில் கவனம்

நாம் படித்த விதி இங்கே கைகொடுக்கிறது. எழுத்தின் உயரம் 10 மி.மீ. என்றால் கோட்டின் தடிமன் அதில் 14-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.7 மி.மீ. தமிழுக்கு இதைவிடத் தடித்தால் ண, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மெலிந்தால் மையைத் தாண்டி வெளிச்சம் உள்ளே புகுந்து கோடு மங்கும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் விட்டதால் படிப்பவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். கறுப்பு இந்தியன் இங்க் நல்லது, பால்பாயிண்ட் வேண்டாம்.

நான் செய்த தவறுகள்

முதல் தடவை சின்னத் துண்டில் பெயர் எழுதி வைத்தேன். துண்டின் ஓரம் தபால்தலை மாதிரி பதிந்துவிட்டது. டிரேசிங் பேப்பர் முழு ஷீட் அளவுக்கு இருக்க வேண்டும். இரண்டாவது தடவை மை இருக்கும் பக்கத்தைக் கீழே கவிழ்த்தேன். ‘முருங்கை’ கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பி வந்தது! எழுத்து நேராகப் படிக்கும்படிதான் வைக்க வேண்டும். மூன்றாவது தடவை எங்கள் வீட்டு போர் தண்ணீரில் அலசினேன்; நீலம் வெளிறியது. காரத்தன்மை இந்த நீலத்துக்கு எதிரி. கேன் தண்ணீரோ மழைத்தண்ணீரோ போதும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். கடற்கரை ஈரத்தில் பூசிய தாள் காயாது.

முருங்கை, கறிவேப்பிலை, முடக்கத்தான் அழகாக விழும். செம்பருத்தி இதழின் நரம்புகூடத் தெரியும். கற்பூரவல்லி தடிமன், சமமாகப் படியாது. அதற்குச் செல்போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையை நேர்மாறாக்கி ஓ.எச்.பி. ஷீட்டில் பிரிண்ட் போட்டால் நெகட்டிவ் தயார். சுற்றி விட்ட வெற்று ஓரத்தில் பெயரை எழுதலாம்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, இந்த லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கொல்லைக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் எந்தப் பெயரைச் சொல்கிறார்களோ அந்தப் பெயரை எழுதுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறினால் மாறட்டும். ஊரையும் கூடவே எழுதிவிடுங்கள். ஆளுக்கு ஐந்து தாள் கொண்டு வந்தால், நம் டிப்பார்ட்மென்ட் வராந்தா முழுவதும் மாட்டலாம், வெயில் நேராகப் படாத சுவராகப் பார்த்து.

என்னிடம் இப்போது பதினாறு தாள்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் வேலிக் கொடி மட்டும் இருக்கிறது, பெயர் எழுதும் இடம் காலி. தெருவில் இருக்கும் பாட்டிகளிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தேர்டு இயர் சிவிலில் வந்து சொல்லுங்கள். பேனாவில் மை போட்டே வைத்திருக்கிறேன்.