தலைச்சன் பிள்ளைக்குப் பட்டியல் போடுகிறவர்களுக்கு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகிற சாலையை ஒட்டிய வாடகை வீடுகளில், தலைச்சன் பிள்ளைக்குக் காத்திருக்கும் இளம் தம்பதிகள் நிறையப் பேர். கார் கம்பெனியிலோ செல்போன் கம்பெனியிலோ வேலை. சொந்த ஊர் விழுப்புரம், திருவண்ணாமலை, தருமபுரி, இன்னும் தெற்கே. இவர்கள் குழந்தைக்கு என்று வாங்கிச் சேர்ப்பதைப் பல வருடமாகப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். கம்பெனியில் பக்கத்து லைனில் வேலை செய்பவர் வாங்கினார் என்று வாங்குகிறார்கள். இல்லையென்றால் மாமியார் சொன்னார் என்று வாங்குகிறார்கள். குழந்தை வளரப்போகிற அந்த ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் மிகக் குறைவு.

பொருள் வந்து சேரும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். வளைகாப்போடு தாய் வீட்டார் செய்யும் சீர், கூட வேலை செய்பவர்கள் பணம் போட்டு வாங்கித் தரும் பரிசு, ஆன்லைன் கடையில் பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவது, ஷோரூமில் தவணைக்கு எடுக்கும் ‘நியூபார்ன் பேக்கேஜ்’.

பிறக்கும் முன்னே குழந்தைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்று பல வீடுகளில் சொல்வார்கள். அதோடு சண்டை போட வேண்டாம். எழுதி வைப்பது வாங்குவதாகாது. ஒரு நோட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டால், பிறந்த மறுநாள் அப்பா கடைக்குப் போய் வாங்கி வந்துவிடுவார்.

லைன் ஆட்கள் சேர்க்கும் பணம்தான் என் கணக்கில் மிக உருப்படியான வழி. ஆனால் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். “அக்கா, டிரெஸ் வேண்டாம், நல்ல கொசுவலை மெத்தை ஒண்ணு வாங்கிக் குடுங்க” என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொல்லாவிட்டால் உடம்பை உறுத்தும் நெட் துணியில் அரை டஜன் கவுன் வந்து சேரும், எல்லாம் ஒரே அளவில், ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காமல். ஆன்லைன் பட்டியல், நண்பர்கள் பெங்களூரிலும் புனேயிலும் இருப்பவர்களுக்குச் சௌகரியம். எந்த முகவரி என்பதை மட்டும் கவனியுங்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போனபின் பார்சல் இங்கே பூட்டிய வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்.

எச்சரிக்க வேண்டியது பேக்கேஜைப் பற்றித்தான். தள்ளுவண்டி, மரத்தொட்டில், வாக்கர், பால் புட்டி, அதைச் சுத்தப்படுத்தும் மெஷின், சோப்பும் பவுடரும் அடுக்கிய பெட்டி, எல்லாம் ஒரே விலையில், மாதத் தவணையில். ஒவ்வொன்றாகப் பாருங்கள். தள்ளுவண்டியை எங்கே தள்ளுவது? மாடிப்படி இறங்கினால் மண் தெரு, அதைத் தாண்டினால் கன்டெய்னர் லாரி ஓடும் சாலை. மரத்தொட்டிலைப் போட்டால் அறையில் நடக்க இடம் இருக்காது. பவுடர் கைக்குழந்தைக்குத் தேவையே இல்லை. மூச்சோடு உள்ளே போகும்.

வாக்கரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது குழந்தையைச் சீக்கிரம் நடக்க வைக்காது. சக்கரத்தில் உருண்டுபோய்ப் படியில் விழுவதும் அடுப்புப் பக்கம் கை நீட்டுவதும்தான் நடக்கும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

பால் புட்டி இன்னும் பெரிய விஷயம். பால் புட்டிக்கும் பால் மாவுக்கும் விளம்பரம் செய்யவோ, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கவோ கூடாது என்று இந்தியாவில் 1992இலேயே சட்டம் வந்தது. 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டாக்டர் ஒரு காரணத்தோடு சொன்னால் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம். பிறக்கும் முன்பே புட்டி வீட்டில் தயாராக இருந்தால், பால் ஊறத் தாமதமாகும் முதல் இரண்டு நாளில் யாராவது அதை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

தவணையையும் யோசியுங்கள். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் மகப்பேறு விடுப்புக்கு 26 வாரச் சம்பளம் உண்டு. அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்ட் மாறி மாறி வேலை செய்தவர்கள் இதை இப்போதே சரிபார்க்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்து, சான்று கொடுத்து வாங்குகிற பணம் அது. தவணைத் தேதி அதற்காகக் காத்திருக்காது.

பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல மாதிரி நம்மிடமே உண்டு. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2015இல் தொடங்கிய பெட்டகத்தில் 16 பொருள்கள். துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, நாப்கின், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குக் கைகழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று போகும். புட்டி இல்லை, வாக்கர் இல்லை. ஃபின்லாந்தில் 1938 முதல் இப்படி ஒரு பெட்டி கொடுக்கிறார்கள். 1949இல் அதை எல்லாத் தாய்மாருக்கும் விரித்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நான்காம் மாதம் முடியும் முன் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும்.

நமக்கும் அதேதான் முதல் வேலை. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் ‘பிக்மி’ என்ற அரசின் கர்ப்பப் பதிவைச் செய்து 12 இலக்க எண்ணை வாங்குங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் காட்டுகிறவர்களும்தான். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்குத் தகுதி இருந்தால் அதற்கும் இந்தப் பதிவு வேண்டும். ஊரிலா இங்கேயா என்று குழம்பி நாளைக் கடத்தாதீர்கள். இருக்கிற இடத்தில் பதியுங்கள், பிரசவத்துக்குப் போகும்போது எண் கூடவே வரும்.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளைகள் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணியிலும் புடவைத் தூளியிலும் வளர்ந்தவர்கள். பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது, தூளிக்கு ஈடு கிடையாது என்பேன். இரவில் மட்டும் சமதளமான மெத்தையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

மீதியைக் குழந்தை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று துணியில் சுற்றினால்தான் தூங்கும். இன்னொன்று உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கும். மூன்று மாதம் பொறுத்தால் உங்கள் குழந்தையின் சுபாவம் தெரியும். படிப்பானாலும் வேலையானாலும் கல்யாணமானாலும் பிள்ளையின் இயல்பைப் பார்க்காமல் அவசரப்பட்டு முடிவெடுப்பது நம் ஊரில் எத்தனை வீடுகளில் நடக்கிறது! இந்தப் பொறுமையை இப்போதே பழகுங்கள்.

கடையில் கிடைக்காத ஒன்றையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். 26 வாரம் முடிந்து நீங்கள் லைனுக்குத் திரும்பும்போது குழந்தையை யார் பார்ப்பது? 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர விட வேண்டும் என்று 2017இல் திருத்திய மகப்பேறு சட்டம் சொன்னது. விடுப்பு எழுதிக் கொடுக்கிற அன்றே எச்ஆரிடம் கேளுங்கள்: காப்பகம் எங்கே, எத்தனை மாதக் குழந்தையிலிருந்து சேர்ப்பார்கள், இரவு ஷிஃப்டில் திறந்திருக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.